ஒன்று முதல் ஐந்து வரை

நவம்பரில் படிவம் வரும்.
கிளைப்பேடா துறைமுகத்தில் கடல் கறுக்கும் மாதம்,
பால்டிக் காற்று கன்டெய்னர் இடுக்குகளில் புகுந்து
யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் மாதம்.

'இந்த நிறுவனத்தை உங்கள் வீடாக உணர்கிறீர்களா?
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.'

அறுநூற்றுச் சொச்சம் வட்டங்களைக்
கூட்டி வகுத்துச் சராசரி காண்பவன் நான்.
மூன்று புள்ளி நான்கு.
போன வருடமும் அதே. அதற்கு முந்தியும்.
மேலாளர் இதற்கு 'நிலையான விசுவாசம்' என்று பெயர் வைத்தார்.
ஆஸ்பத்திரித் திரையில் இப்படி நேர்கோடு ஓடினால்
வேறு பெயர் சொல்வார்கள்.

டாங்குவோலே மட்டும் வட்டமிடுவதில்லை.
மூன்றாம் வாசலில் லாரி எண் சரிபார்ப்பவள்,
ஒன்பது குளிர்காலமாக.
சென்ற ஆண்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்:
'என் வீட்டில் மாடிப்படி இருக்கிறது.'
பெயர் எழுதத் தேவையில்லாத படிவம்தான்.
ஆனாலும் கையுறை கழற்றாமல் எழுதும்
அந்தக் கோணல் எழுத்து எனக்குத் தெரியும்.

கிரேன் இயக்கப் பயிற்சி கேட்டு அவள் எழுதியவை ஐந்து
என் மேசையின் கீழறையில் கிடந்தன.
ஐந்திலும் ஒரே முத்திரை: 'பரிசீலனையில்.'
குத்தியவன் நான்.
மை தீர்ந்தபோது மை வாங்கியவனும் நான்.

வைதோதஸை அனுப்பினோம்.
ஹாம்பர்க்கில் பதினான்கு வாரம், எங்கள் செலவில்,
மூன்று வருட ஒப்பந்தம்.
மூன்று வருடம் முடிந்த மறுநாள்
ராட்டர்டாமுக்குப் பெட்டி கட்டிவிட்டான்.
பார்த்தீர்களா, என்றார்கள் கூட்டத்தில்,
இறக்கை முளைக்க வைத்தால் இதுதான்.
பயிற்சி நிதிக்கு அன்றே பூட்டு.
டாங்குவோலேயின் ஆறாவது விண்ணப்பத்துக்குப்
புது முத்திரை செய்யச் சொன்னார்கள்.
அளவு கொஞ்சம் பெரிதாக.

பிறகு ஜனவரிப் புயல்.
நான்காம் கிரேன் பாரத்தோடு பாதியில் நின்றுவிட்டது.
கப்பலுக்கும் கரைக்கும் நடுவே
இருபத்தெட்டு டன் ஊசலாடியது.
இரவு இரண்டு மணி.
வைதோதஸின் எண்ணை யார் அழைத்தார்களோ,
முதல் மணியிலேயே எடுத்தான்.
'இடப்பக்கப் பெட்டி... அது இல்லை, அதற்கும் கீழே,
சிவப்பு டேப் சுற்றியிருக்கும் பார், நான் சுற்றியதுதான்...'
விடியும்வரை போனை வைக்கவில்லை.
கூலி என்ற பேச்சே இல்லை.
'என்னை ஆளாக்கின கிரேன்' என்றானாம்.

டாங்குவோலேயின் ஷிப்டும் இரண்டுக்குத்தான் முடிந்தது.
ஊசலாடும் பாரத்தை அண்ணாந்து பார்த்தாள்,
அட்டையை இழுத்தாள்,
கடைசிப் பேருந்தைப் பிடித்தாள்.
ஏன் நிற்கவில்லை என்று மறுநாள் கேட்டேன்.
'என் வேலை வாசலோடு சரி' என்றாள்.
குரலில் கோபம் தேடினேன்.
இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சொல்லுங்கள், இவர்களை
எந்தக் கட்டத்தில் எழுதுவேன்?
என் அட்டவணையில் அவன் போனவன்,
இவள் இருப்பவள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது சரி.
மாதம் தவறாமல் உப்பிட்டோம், அதில் குறையில்லை.
வெறும் உப்பு
தாகத்தைத்தான் தரும்.

நேற்று கீழறையைக் காலிசெய்தேன்.
அவளுடைய ஆறு தாள்களுக்கும் அடியில்
பழுப்பேறி ஏழாவதாக ஒன்று.
கணக்கியல் இரவு வகுப்புக்கு விடுப்பு கேட்டு,
பதினோரு வருடத்துக்கு முன்,
என் கையெழுத்தில்.
மூலையில் மங்கலாக: 'பரிசீலனையில்.'
குத்தியவரின் முகம்கூட ஞாபகமில்லை.
நான் கோபப்பட்டேனா என்பதும்.

ஏழையும் மேலாளரிடம் கொண்டுபோக வேண்டும்,
நாளைக்கு, அல்லது திங்கட்கிழமை.
இப்போது என் முன்னால் என் படிவம்.
பழக்கத்தில் மூன்றைச் சுற்றத் தொடங்கிய பேனா
பாதி வட்டத்தில் நிற்கிறது,
பாரத்தோடு.